பெடலில் பாரம் உள்ளது

ஒரு ஊரிலே ஒரு சைக்கிள் இருந்ததாம். ஊரென்றால் கீழளம், கிழக்கே கடலும் மேற்கே ஓடையும் நடுவே கண்ணுக்கெட்டிய மட்டும் உப்புப் பாத்தியுமாக, மழை பெய்தால் வேலையில்லை, வெயில் அடித்தால் நிழலில்லை என்று கிடந்த ஊர். சைக்கிள் என்றால் குடம் கட்டுகிற, மீன்கூடை கட்டுகிற சைக்கிள் இல்லை. அதற்குக் கேரியர் கிடையாது, மணி கிடையாது, ஸ்டாண்டு கிடையாது, நிற்க வேண்டுமென்றால் ஒரு சுவரைத் தேட வேண்டும், தூக்க வேண்டுமென்றால் இரண்டு விரல் போதும். அதை ஓட்டியவள் சந்தனமாரி, அப்போது அவளுக்கு இருபத்தோரு வயது. அவளைப் பெற்றவள் முத்துப்பேச்சி, அளத்தில் உப்புச் சுமக்கிறவள். அப்பா என்று ஒருவர் சுவரில் மாலையோடு இருந்தார்.

வடக்கே எங்கோ ஒரு பெரிய நிறுவனம் பெண்களுக்கென்று சைக்கிள் அணி கட்டிக்கொண்டிருந்தது. சேர்த்துக்கொண்டால் தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு, ஓட்டி முடித்த வயதில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. சேர்க்காவிட்டால், ஆடி பிறந்ததும் பழந்துணியைச் சும்மாடாகத் தலையில் சுற்றிக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் பாத்தியில் இறங்க வேண்டியதுதான். கங்காணி சேர்மக்கனி பெயரைக்கூட எழுதி வைத்துவிட்டார். அந்த அணிக்காரர்கள் ஆளைப் பார்க்க வரவில்லை, பதிவை மட்டும் கேட்டார்கள். இருபது நிமிடம், நூற்றுத்தொண்ணூறு வாட்டுக்குக் குறையாமல் மிதிக்க வேண்டும், அதைக் காலின் பலத்தை அளக்கிற பெடல் எழுதிக்கொள்ள வேண்டும், மிதிப்பதற்கு முன்னால் அதே இடத்தில் அதே வெயிலில் பெடலுக்குப் பூஜ்யம் வைத்திருக்க வேண்டும், பூஜ்யம் வைத்ததும் பதிவில் இருக்க வேண்டும், ஆனி மாதத்துக்குள் வந்து சேர வேண்டும்.

திருநெல்வேலியில் அவளுக்குச் சைக்கிள் பழக்கிய ரோஸ்லின் டீச்சர் தன் சைக்கிளில் இருந்த பெடல் இரண்டையும் கழற்றிக் கையில் கொடுத்தார்.

“இந்தா பாருட்டி, பாக்கத்தான் பெருசா தெரியும், இதுக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஒண்ணுமில்லாதது எதுன்னு முதல்ல நீ அதுக்குச் சொல்லிக் குடுக்கணும். அதுக்கப்புறந்தான் இருக்கிறத அது அளக்கும்.”

சொல்லிக் கொடுக்கிற விதம் இது: ஸ்பேனரால் பெடலை இறுக்கி, சைக்கிளைச் சுவரில் சாய்த்து, பெடல்களைத் தாங்குகிற சுற்றுக்கட்டை இரண்டில் ஒன்றை நேராக மேலேயும் ஒன்றை நேராகக் கீழேயுமாக நிறுத்தி, கால் படாமல் கை படாமல் துணி தொங்காமல் ஒதுங்கி நின்று, போனில் பொத்தானை அழுத்திப் பத்து விநாடி காத்திருக்க வேண்டும். அந்தப் பத்து விநாடியில் பெடல் தன்மேல் எதுவுமே இல்லை என்பதைப் பார்த்துக்கொள்ளும். வெயில் ஏறினால் இரும்பும் மாறும் என்பதால் காலையில் வைத்த பூஜ்யம் உச்சிக்கு ஆகாது.

சந்தனமாரி அப்படியே செய்தாள். வைகாசி மாதம், காலை பத்து மணி, லாரி நிறுக்கிற எடைமேடைச் சுவரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு மூன்றடி தள்ளி நின்று பொத்தானை அழுத்தினாள். பத்து விநாடி கழித்து, அளவெடுக்க முடியவில்லை, பெடலில் பாரம் உள்ளது, பாரத்தை எடுத்துவிட்டு மீண்டும் முயலவும் என்று போன் சொன்னது. எவ்வளவு பாரம் என்று பார்த்தாள். ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்திரண்டு கிலோ.

பெடலின் மேல் ஓர் ஈகூட உட்கார்ந்திருக்கவில்லை.

துடைத்துப் பார்த்தாள், பேட்டரி மாற்றிப் பார்த்தாள், கழற்றி மாட்டிப் பார்த்தாள். ஆயிரத்து எண்ணூறு இரண்டாயிரமானது, இரண்டாயிரம் ஆயிரத்து அறுநூறானது, ஏறியது, இறங்கியது, ஒரு நேரமும் ஒன்றுமில்லாமல் ஆகவில்லை. கையால் சுற்றினால் மட்டும் எப்போதும்போலத் தட்டாமல் சுற்றியது. பஸ்ஸில் வைத்துத் திருநெல்வேலிக்குக் கொண்டு போனாள். அங்கேயும் அதே பாரம். டீச்சர் தன் சைக்கிளில் மாட்டினார், அதே பாரம். முத்திரை குத்திய பத்துக் கிலோப் படிக்கல்லைப் பெடலில் கட்டித் தொங்கவிட்டார், சரியாகப் பத்துக் கிலோ கூடியது. அவிழ்த்தார், சரியாகப் பத்துக் கிலோ குறைந்தது.

“பெடல் நல்லாத்தான் இருக்கு. உள்ளதத்தான் சொல்லுது. எதச் சொல்லுதுன்னுதான் எனக்குப் பிடிபடல” என்று டீச்சர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

பிடிபட்டது எடைமேடை ஆவுடையப்பனுக்கு. உப்பு லாரிகளை ஏற்றி இறக்கி எடை எழுதுகிறவர். முப்பது வருஷமாக எண்ணைத் தவிர வேறொன்றையும் உற்றுப் பார்த்தவரில்லை. லாரி வராத ஒரு முற்பகலில் அவர் சந்தனமாரியின் போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே அளத்தைப் பார்த்தார். வரப்பில் பெண்கள் வரிசையாக வந்து அம்பாரத்தில் உப்பைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கொட்டினாள், போனில் இருபது குறைந்தது. அடுத்தவள் கொட்டினாள், இன்னொரு இருபது. பாத்தியோரத்தில் ஒருத்தியின் தலையில் உப்பு நிறைந்த ஓலைப்பெட்டி ஏறியது, இருபது கூடியது. அவர் எழுந்து போய் அந்த வரிசையில் வந்த பிச்சம்மாளைக் கூப்பிட்டு, பெட்டியை இறக்கு என்றார், ஏற்று என்றார், இறக்கு என்றார். நான்காவது தடவை பிச்சம்மாள் ஏற்றவில்லை.

“அண்ணாச்சிக்கு வேல இல்லன்னா என் கழுத்தா கெடச்சுது?”

“கழுத்துக்கு ஒண்ணும் ஆகல மதினி. நீ தூக்குறது அந்தப் பெடல்ல ஏறுது. நீ மட்டுமில்ல, நம்ம ஊர்ல யாரு எதத் தூக்கினாலும் அதுல ஏறுது.”

பிச்சம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். “எங்கயாவது ஏறத்தான செய்யும்? இத்தன வருசமா தூக்குதோம், அது என்ன காத்துலயா போவும்?”

இதற்கு மேல் ஊரில் யாரும் அதைப் பற்றி ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. பாரம் எங்கே போய்ச் சேர்கிறது என்பது தெரியாமல் இருந்தது, இப்போது தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். ஆச்சரியப்படுவதற்குப் பதிலாக அவர்கள் அதைப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். கங்காணி சேர்மக்கனி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து சைக்கிளுக்குப் பக்கத்தில் நிழலில் போட்டுக்கொண்டார். இனிமேல் வெயிலில் நின்று விரட்ட வேண்டாம், எண் குறைந்தால் பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம், விசில் ஊதினால் போதும். இரண்டு நாள் இப்படிப் போனது. மூன்றாம் நாள் எண் குறையவே இல்லை, அம்பாரமும் உயரவில்லை. நிறைந்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வெற்றிலை போட்டாலும் பெடல் அதைச் சுமை என்றே எடுத்துக்கொள்கிறது என்று பெண்கள் கண்டுபிடித்திருந்தார்கள். கங்காணி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்கே திரும்பிப் போனார்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை ஒன்பதே காலுக்கு எண் ஒரே மூச்சில் எழுநூறு கிலோ ஏறியதைத் தலைமையாசிரியை வந்து பார்த்துவிட்டுப் போனார், மறுநாளிலிருந்து பாதிப் புத்தகங்கள் பள்ளிக்கூட அலமாரியிலேயே தூங்கின. புருஷன் தண்ணீர் தூக்குவதாகச் சத்தியம் பண்ணிய மருமகள் ஒருத்தியிடம், தூக்கச் சொல்லு பார்ப்போம் என்று மாமியாரே சைக்கிளடியில் வந்து உட்கார்ந்துகொண்டாள். பெரியவர் ஒருவர் இறந்து பாடை எழுந்தபோது ஐம்பத்திரண்டு கிலோ கூடியது, நான்கு தெருவும் அந்த ஐம்பத்திரண்டு அசையாமல் நின்றது, ஓடைப்பாலத்தைத் தாண்டியதும் இல்லாமல் போனது. பாலம்தான் எல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. பெடல் எங்கே இருந்தாலும் சரி, பாலத்துக்குக் கிழக்கே இருக்கிறவர்கள் சுமப்பது அதில் ஏறும், பாலம் தாண்டினால் அது பெடலுக்குச் சம்பந்தமில்லாத பாரம். பெடலுக்கு யாரோ குங்குமம் வைத்தார்கள், யாரோ எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். “சாறு உள்ள போனா துருப்பிடிக்கும் சித்தி” என்று சந்தனமாரி மெதுவாகச் சொல்லிவிட்டுத் துடைத்து வைப்பாள்.

எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் உதவிய அந்தப் பெடல் அவளுக்கு மட்டும் உதவவில்லை. ஆனி பிறந்து பத்து நாள் ஆகிவிட்டது. மிதிக்க அவளால் முடியும். மேற்கிலிருந்து கச்சான் காற்று எதிர்த்து வீசுகிற அளத்துச் சாலையில் இருபது நிமிடமென்ன, முப்பது நிமிடமும் மிதிப்பாள். மிதிப்பதை எழுத வேண்டியது, மிதிக்காமல் நிற்கும்போதே இரண்டாயிரம் கிலோவைக் காட்டிக்கொண்டு நின்றது. விடியற்காலையில் எழுந்து பார்த்தாள், யாரோ ஒருத்தி நீர் எடுத்துக்கொண்டிருந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தாள், எவளோ ஒருத்தி பிள்ளையை இடுப்பில் வைத்துச் சோறூட்டிக்கொண்டிருந்தாள். ஊர் அடங்கிய பிறகும் பார்த்தாள், அடங்கிய ஊரிலும் யாரோ எதையோ தூக்கிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் பாரத்தை எடுத்துவிட்டு மீண்டும் முயலவும், பாரத்தை எடுத்துவிட்டு மீண்டும் முயலவும் என்றது போன். யார் தலையிலிருந்து போய் எடுக்க? அவள் போனை அணைத்து வைத்துவிட்டுச் சைக்கிளுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பாள்.

கடைசியில் ஊரே ஒன்று கூடிப் பேசியது. பத்து விநாடி பூஜ்யத்துக்கு, இருபது நிமிடம் மிதிக்கிறதற்கு. ஆனி கடைசி ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணியிலிருந்து பன்னிரண்டு வரை கீழளத்தில் யாரும் எதையும் தூக்குவதில்லை.

“ஒரு மணி நேரமா?” என்றார் கங்காணி. பெண்கள் அவரைப் பார்த்தார்கள். “சரி சரி. பாரத்த இறக்குங்கன்னு என் வாயால நானே சொல்லுதது இதான் முதத் தடவ. எவளும் இதப் பழக்கமாக்கிறாதீங்க.”

“பழக்கமாகிற சோலியா இது? கழுத்து நிமிந்துட்டா அப்பொறம் உங்க மூஞ்சியல்லா பாக்கணும்” என்றாள் பிச்சம்மாள்.

கீழளத்தில் பாரம் இறக்குவதற்கு ஒரு முறை உண்டு. உப்புப் பெட்டியை எவளும் தானே தலைக்கு ஏற்றிக்கொள்ள முடியாது, இன்னொருத்தி பிடித்து ஏற்றிவிட வேண்டும், அவள்தான் ஜோடி. கொட்டுவதைத் தானே கொட்டிக்கொள்ளலாம். ஆனால் வேலை முடிந்ததும் தலையில் இருக்கிற சும்மாட்டை ஏற்றிவிட்ட ஜோடிதான் எடுத்துவிட வேண்டும், தானாக எடுத்தால் பாரம் வீட்டுக்குக் கூடவே வரும் என்பார்கள். எவ்வளவு சண்டையாக இருந்தாலும், அன்றைக்கெல்லாம் முகம் கொடுத்துப் பேசியிருக்காவிட்டாலும், சாயங்காலம் ஒருத்தி குனிய ஒருத்தி எடுத்துவிட்டுத்தான் பிரிவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு, வெயில் பாத்தி நீரில் விழுந்து கண்ணைக் குத்துகிற நேரத்தில், வரப்பு நெடுகப் பெண்கள் ஜோடி ஜோடியாக நின்று, ஒருத்தி குனிய ஒருத்தி சும்மாடு எடுத்தார்கள். முத்துப்பேச்சி தனியாக நின்று தன் சும்மாட்டைத் தானே எடுத்து இடுப்பில் செருகினாள். அவளுக்குப் பதினோரு வருஷமாக ஜோடி கிடையாது, வரப்பு மேட்டில் பெட்டியை வைத்துத் தானே தலையைக் கொடுத்து ஏற்றிக்கொள்வாள், அது ஊருக்குப் பழகிப்போன காட்சி. தெருவில் குடங்கள் இறங்கின. இடுப்புப் பிள்ளைகள் பாயில் இறங்கின, இறங்கியதற்கு அழுதன. டீக்கடைக்காரர் பாய்லரிலிருந்து கையை எடுத்துவிட்டார். பாதி தூக்கிய சிலிண்டரைப் படியிலேயே வைத்துவிட்டு ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். சந்தனமாரி எடைமேடைச் சுவரருகே போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டாயிரத்து நூறு, ஆயிரத்து அறுநூறு, ஆயிரம், நானூறு, நூற்றுப்பத்து, அறுபது, முப்பத்தொன்று என்று எண் மழைத்தண்ணீர் வடிகிற மாதிரி வடிந்தது.

இருபது புள்ளி நான்கில் நின்றது.

நின்றது நின்றதுதான். பொத்தானை அழுத்தினாள், பெடலில் பாரம் உள்ளது என்றது.

“எவ இன்னும் வச்சிருக்கா?” பிச்சம்மாள் வரப்பில் நின்று கூவினாள். “ஏளா, யாரு தலையில இருக்கு? இறக்கித் தொலைங்களேன்!”

எல்லோரும் கையை விரித்துக் காட்டினார்கள். ஒருத்தி தாலியையும் கழற்ற வேண்டுமா என்று கேட்டாள், உன் தாலி இருபது கிலோவாக்கும் என்று இன்னொருத்தி கேட்டாள், கொஞ்சம் சிரிப்பு எழுந்து அடங்கியது. இருபது புள்ளி நான்கு என்பது நிறைந்த ஒரு பெட்டி உப்பு, நனைந்த உப்பு. வீடு வீடாகப் பார்த்தார்கள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தார்கள், எங்கும் எவர் கையிலும் எதுவுமில்லை.

“லாரி எட ஒத்து வரலன்னா நாங்க என்ன செய்வோம்?” என்றார் ஆவுடையப்பன். “உள்ள உக்காந்திருக்கிறவன ஒவ்வொருத்தனா இறங்கச் சொல்லுவோம். எவன் இறங்கும்போது குறையுதோ அவன் எட. எல்லாரும் ஒவ்வொருத்தரா பாலத்தத் தாண்டுங்க. யாரு தாண்டும்போது விழுதுன்னு பாத்துருவோம்.”

அப்படித்தான் கீழளம் தன் ஊரை விட்டு ஒவ்வொருவராக வெளியே போக ஆரம்பித்தது. முதலில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், பிறகு தலைமையாசிரியை, பிறகு டீக்கடைக்காரர், பிறகு இடுப்பில் தூக்கக்கூடாது என்பதால் கைபிடித்து நடத்தப்பட்ட பிள்ளைகள், நடக்காத பிள்ளைகளை மட்டும் தள்ளுவண்டியில் உருட்டிக்கொண்டு தாய்மார்கள், இன்னொரு தள்ளுவண்டியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவர். ஒவ்வொருவரும் பாலத்தைத் தாண்டியதும் திரும்பி நின்று, குறைந்ததா என்று கையால் கேட்டார்கள். இல்லை என்று சந்தனமாரி இந்தப் பக்கமிருந்து கையை அசைத்தாள். சிலருக்கு அது நிம்மதியாக இருந்தது. சிலருக்கு முகம் சுருங்கியது. தங்களிடம் அப்படி ஒரு பாரம் இருக்கிறது என்று அவர்கள் வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். கங்காணி சேர்மக்கனி பாலத்தின் பாதியில் நின்று இரண்டு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டுதான் தாண்டினார். தாண்டியும் குறையவில்லை என்றதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நானில்லப்பா, நானில்ல என்று அங்கிருந்தவர்களிடமெல்லாம் சொன்னார். பிச்சம்மாள் போனாள். அளத்துப் பெண்கள் தொண்ணூற்று மூன்று பேர் போனார்கள். இருபது புள்ளி நான்கு. ஆவுடையப்பன் எடைமேடை அறையைச் சாத்திவிட்டு, போனை இன்னொரு தடவை உற்றுப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து முத்துப்பேச்சியைப் பார்த்துவிட்டு, அவரும் போனார். இருபது புள்ளி நான்கு.

ஊரில் மிச்சமிருந்தது இரண்டு பேர்.

“அம்மா” என்றாள் சந்தனமாரி. “இறக்கி வையிம்மா.”

“இறக்கியாச்சேட்டி. இந்தா பாரு.” முத்துப்பேச்சி தலையைக் குனிந்து காட்டினாள். உச்சியில் சும்மாடு உட்கார்கிற இடத்தில் வட்டமாக முடி இல்லை. “எங்கிட்ட என்ன இருக்கு?”

மகள் போனைத் திருப்பிக் காட்டினாள். தாய்க்கு அந்த எண்ணைப் படிக்கத் தெரியும். 

“இது சொர்ணத்தாய் ஏத்திவிட்ட பெட்டி” என்றாள்.

சொர்ணத்தாய் அவளுடைய ஜோடி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு பங்குனியில் வெயில் அடித்து அளத்தில் விழுந்து செத்துப்போனவள். அதுவரைதான் சந்தனமாரிக்குத் தெரியும்.

“எனக்குத்தான் ஏத்திவிட்டா. ஏத்திவிட்ட கை இன்னும் கீழ வரல, அப்படியே சாஞ்சுட்டா. எந்தலையில பெட்டி நிறைய உப்பு. குனிய முடியல. கீழ போட்டிருக்கலாம்ட்டி. போட்டா உப்பு மண்ணாயிரும், கங்காணி வைவாரேன்னு வந்துட்டு. அந்நேரத்துல அதான் வந்துது. அம்பாரம் பக்கந்தான், நாப்பது எட்டு வச்சாப் போதும். கொட்டிட்டுத் திரும்பி ஓடியாந்தேன்.”

“வந்து?”

“வந்தேன்” என்றாள் முத்துப்பேச்சி.

கச்சான் காற்று பாத்தி நீரைச் சுருக்கிக்கொண்டு போனது. பாலத்துக்கு அந்தப் பக்கம் மொத்த ஊரும் வெயிலில் நின்று இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அவ்வளவு தூரத்துக்குப் பேச்சு எட்டாது. சந்தனமாரி போனைச் சுவரின் மேல் வைத்துவிட்டுத் தாயின் முன்னால் வந்து நின்றாள். இரண்டு கையையும் உயர்த்தி, தாயின் தலைக்கு மேலே இருந்த வெறும் காற்றை, நிறைந்த பெட்டியைப் பிடிக்கிற மாதிரி இரண்டு பக்கமும் பிடித்து, மூச்சைப் பிடித்துத் தூக்கி, பக்கத்தில் தரையில் வைத்தாள். போய்ப் போனைப் பார்த்தாள். இருபது புள்ளி நான்கு. திரும்ப வந்து, அம்மாவின் இடுப்பில் செருகியிருந்த சும்மாட்டை எடுத்து, தலையில் வைத்து, வைத்த இடத்திலிருந்து ஜோடி எடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் எடுத்தாள். இருபது புள்ளி நான்கு. இன்னொரு தடவை எடுத்தாள். பிறகு எடுத்த சும்மாட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, அதை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

“உங்கையில வராதுட்டி” என்றாள் அம்மா. “ஏத்தினவல்லா எடுக்கணும்.”

“அப்ப எனக்கு இந்த அணியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். ஆடியில உங்கூட இறங்குதேன். நான் உனக்கு ஜோடியா இருக்கேன்.”

“வாய மூடு.” முத்துப்பேச்சி அப்படிச் சொல்லி ஊரில் எவரும் கேட்டதில்லை. “நீ வந்து ஏத்திவிடுவ. ஒருநா நீ சாஞ்சா நான் குனியணும். எனக்கு அது முடியாதுன்னு எனக்குத் தெரியும். நானும் பாலத்தத் தாண்டிப் போறேன். நீ போயி சைக்கிளப் பிடி.”

“இதத் தலையில வச்சுக்கிட்டா போவ?”

“இதோட நடக்க எனக்குத் தெரியும்ட்டி. நிக்கத்தான் சங்கடம்.” சேலையை இழுத்துச் செருகினாள். “நீ ஓட்டி முடிக்கிற மட்டும் பாலத்துக்கு அந்தப் பக்கமே நிக்கேன். நீ பாட்டுக்கு ஓட்டு. அவசரப்படாத, முதல்லயே மூச்ச விட்றாத.”

அன்றைய பதிவு போய்ச் சேர்ந்ததும், பார்த்தவர்கள் ஒப்புக்கொண்டதும், ஆடி பிறந்து ஏழாம் நாள் சந்தனமாரி ஒரு பையோடு வடக்கே ரயிலேறியதும், அங்கே ஒவ்வொரு காலையும் பூஜ்யம் வைக்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தாமல் கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டு நிற்கிற பெண் என்று அவளுக்குப் பெயர் வந்ததும் பிறகு நடந்தவை. அவற்றைச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். பேசிவைத்த ஒரு மணி நேரம் தாண்டி, ஒன்று நாற்பதுக்கு அவள் சுவரருகே நின்றாள், சுற்றுக்கட்டை ஒன்று நேராக மேலேயும் ஒன்று நேராகக் கீழேயும் இருந்தது, கை படவில்லை, கால் படவில்லை, துணி தொங்கவில்லை, விரல் பொத்தானுக்கு மேலே நின்றது.

முத்துப்பேச்சி அளத்துச் சாலையில் மேற்கே நடந்தாள். முதல் பத்து எட்டு எல்லோரையும் போலத்தான் நடந்தாள். பிறகு, அவள் அறியாமலேயே இருக்கும், அவளுடைய வலது கை மெல்ல மேலே போய், தலைக்குப் பக்கத்தில், அங்கே இல்லாத ஒன்றின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. இடது கை நடைக்கு ஏற்ப வீசியது. கழுத்து ஆடவில்லை. அம்மா என்று பின்னாலிருந்து கூப்பிட்டபோது, பாரம் வைத்திருக்கிறவர்கள் கழுத்தைத் திருப்பக்கூடாது என்பதால், அவள் திரும்பவில்லை. பாலத்தின் அந்தப் பக்கம் நின்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக விலகி, ஒரு பெட்டியோடு வருகிறவளுக்கு விடுகிற அகலத்துக்கு அவளுக்கு வழி விட்டார்கள். சந்தனமாரி எட்டுகளை எண்ணினாள். நாற்பதைத் தாண்டியும் அம்மா நடந்துகொண்டிருந்தாள், இருநூறைத் தாண்டியும் நடந்துகொண்டிருந்தாள், போனில் இருபது புள்ளி நான்கு, இருபது புள்ளி நான்கு, பாலத்தின் ஏற்றத்தில் கொஞ்சம் மெதுவாகி, இறக்கத்தில் காலை ஊன்றி ஊன்றி வைத்து, தலை நிமிர்ந்தபடியே அவள் அந்தப் பக்கம் இறங்கிப் போனாள்.